எதிர்க்காற்றில் ஓடிய கார்

செவ்வாய்க்கிழமை காலை தொழிற்சாலை வாசலில் இறங்கும்போதே அமலோற்பவத்தின் கணவர் அந்தோணியின் போன் வந்தது. "அமலி போய்ட்டா சார்" என்றார்.

நம் கார் தொழிற்சாலையில் அமலோற்பவத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. சோதனை ஓட்டுநர். மரக்காணத்தில் உப்பளக் கூலி வேலை செய்த குடும்பத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள், பதவியிலும் எனக்குக் கீழே. ஆனாலும் சோதனை என்று வந்துவிட்டால் நான்தான் அவளுக்குப் பயப்படுவேன்.

தொழிற்சாலையை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். விற்பனை படுத்துவிட்டது. போதாக்குறைக்கு, கார்கள் குடிக்கும் எரிபொருளுக்கு அரசு வைத்த வரம்பு மேலும் இறுகவிருந்தது. நம் புதிய சிறிய கார் அந்த வரம்புக்குள் வந்தால் பிழைப்போம், இல்லாவிட்டால் பூட்டுதான் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

மரக்காணம் உப்பளங்களுக்கு நடுவே நேராகப் போகும் ஒரு சாலையில் சோதனை. வேகமாகப் போய், குறித்த இடத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, கார் தானாக எவ்வளவு தூரம் ஓடி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கூடுதல் தூரம் ஓடினால் குறைவாகக் குடிக்கும் கார். எட்ட வேண்டிய இடத்தில், இரண்டு திசைக்கும் ஒவ்வொரு கல்லாக, அமலி சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தாள். தினமும் நடுவழியில் நிற்கும் காரைப் பார்த்து உப்பளத்து ஆட்கள் இரக்கப்பட்டுத் தள்ள வந்துவிடுவார்கள். "தொட்டுடாதீங்கண்ணே, யாரும் தள்ளாம எம்மாந்தூரம் போவுதுன்னு பாக்கத்தான் இந்தப் பாடு" என்பாள்.

ஒருநாள் பிற்பகல் கார் கல்லைத் தாண்டி ஓடியது. நான் துள்ளிக் குதிக்காத குறை. மறுநாள் நிர்வாகக் கூட்டம். உடனே சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். அமலி தடுத்தாள்.

"கடல்காத்து முதுகுல தள்ளுது சார். திருப்பி ஓட்டிப் பாத்துட்டு சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை குடும்பங்களின் சோற்றில் மண்ணைப் போடப் பார்க்கிறாயா என்று கத்திவிட்டேன். அவள் குரல் உயரவில்லை.

"என் வூட்டுக்காரரும் அங்கதான் சார் வேலை செய்யறாரு. பொய்க் கணக்குல வண்டி வித்தா, வாங்குறவன் ஒரு மாசத்துல கண்டுபுடிச்சிடுவான்."

திருப்பி ஓட்டினாள். கல்லுக்கு வெகு முன்பே நின்றுவிட்டது. நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோனாள். பின்சக்கரம் ஒன்று கொதித்தது. பிரேக் முழுதாக விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தக் குறையோடும் காரணத்தோடும் கூட்டத்துக்குப் போனேன். திட்டு வாங்கினேன், அவகாசமும் வாங்கினேன். பிரேக்கையும் டயரையும் மாற்றி மாற்றிப் பார்த்து, சில மாதங்கள் கழித்து எதிர்க்காற்றிலேயே அந்தக் கல்லைத் தாண்டினாள். அந்தக் காரால்தான் தொழிற்சாலை இன்றும் திறந்திருக்கிறது.

போன வருடம் அவளுக்கு நோய் வந்தது. முதல் சிகிச்சைக்குப் பிறகு ரிப்போர்ட் நல்லபடியாக வந்ததும் ஸ்வீட் வாங்கிப் போனேன். பெட்டியைப் பிரிக்கவில்லை. "இன்னொரு தடவ டெஸ்ட் எடுத்துட்டு சாப்புடலாம் சார்" என்றாள். அந்த இரண்டாவது டெஸ்ட் கைவிட்டது. "சரி, தெரிஞ்சிபோச்சில்ல, பாத்துக்கலாம்" என்று மறுவாரமே மருத்துவமனைக்குக் கிளம்பினாள். அழுதது நான்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள், அதே உப்பளச் சாலையில், வேறொரு காரின் சோதனை முடிவை என்னிடம் நீட்டினார்கள். அருமையான எண். கையெழுத்துப் போடத் திறந்த பேனாவை மூடினேன். "திருப்பி ஓட்டினீங்களா?" என்று கேட்டேன். அமலி எனக்கு விட்டுப்போனது அந்தக் கேள்விதான். ஒரே திசையில்தான் ஓட்டியிருந்தார்கள். காரைத் திருப்பச் சொல்லி, நானும் ஏறி உட்கார்ந்தேன்.