சாலமனுக்கு ஒரு ‘அப்பா’

கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்களைத் திரட்டி அலுத்தவர்களுக்கு என் தொழில் சட்டென்று புரியும். உதடும் அண்ணமும் பிளந்து பிறக்கிற குழந்தைகளைக் குறித்த தேதியில் ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்ப்பது என் வேலை. ஆபரேஷனை டாக்டர் செய்துவிடுவார். ஆளைக் கொண்டு சேர்ப்பதற்குள் நமக்கு நாக்கு தள்ளிவிடும்.

உதடு ஒட்டிவிட்டது

சாலமனைத் திருவள்ளூர் மருத்துவ முகாமில் பார்த்தேன். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி வேலை, கவரைப்பேட்டையில் வீடு. மகள் ஜெனிக்குக் கைக்குழந்தையிலேயே உதட்டைத் தைத்தாகிவிட்டது. முகம் அழகாகிவிட்டதால் அண்ணத்துக்கு மறுபடி வர வேண்டும் என்பதை வீட்டில் எல்லாரும் மறந்துபோனார்கள். இது எங்களுக்குப் பழகிப்போன தலைவலி.

வாயின் மேல்பக்கம் திறந்திருந்தால் காற்று மூக்கு வழியே ஓடிவிடும். ‘ம’ வரும், ‘ப’ வராது என்று விளக்கினேன். மனிதர் முகம் மாறிவிட்டது. “என்னியும் அம்மான்னுதான் கூப்புடுது மேடம். அவங்கம்மா மேல அவ்ளோ பாசம்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

ரயிலில் ஒரு பிஸ்கட்

தேதி கிடைத்தது. வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று சாலமனிடமும் அவர் மனைவி எஸ்தரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். அவர்களும் தலையாட்டினார்கள். சென்ட்ரலில் வந்து இறங்கியபோது ஜெனியின் வாயோரம் பிஸ்கட் தூள். மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கொடுத்தது யார் என்றேன். சாலமன் தலை குனிந்தார். “என்னியப் பாத்து அம்மா, அம்மான்னு அழுதுச்சு. அப்டிக் கூப்ட்டா குடுக்காம எப்டி மேடம் இருக்கறது?”

எளாவூர் யோசனை

அடுத்த தேதி தள்ளிப் போனது. அதற்குள், சாலமனோடு வேலை பார்க்கும், ஆந்திர எல்லையோர எளாவூர்க்காரர் ஒருவர் குறுக்கு வழி சொல்லிக் கொடுத்தார்: ‘அப்பா’ வராவிட்டால் என்ன, எங்கள் பக்கம் போல ‘நைனா’ என்று பழக்கு. அது பெரும்பாலும் மூக்கிலேயே சொல்லிவிடுகிற வார்த்தை. ஜெனி ஒரே சாயங்காலத்தில் பிடித்துக்கொண்டாள். ‘அதான் கூப்புடுதே, இன்னாத்துக்கு ஆபரேஷன்?’ என்று வீட்டில் பேச்சு எழுந்தது. எளாவூரையே நான் சபித்தேன்.

ஆனால் தேதிக்கு முன்பே சாலமன் போன் செய்துவிட்டார். “நைனான்னு கூப்புடறப்போ யாரையோ கூப்புடற மாதிரியே கீது மேடம். எங்கப்பாவ நான் அப்பான்னுதான் கூப்ட்டேன். எனக்கும் அதான் ஓணும்.”

கொடியில் காய்ந்த சட்டை

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் தைத்ததும் எழுத்து வந்து உட்கார்ந்துவிடாது. உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்து ‘பா’ சொல்லவைக்க வேண்டும். காகிதம் ஆடினால் காற்று வாய் வழியாக வருகிறது என்று அர்த்தம். சாலமன் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் காகிதத்தோடு மகள் எதிரே உட்காருவார். மாதக்கணக்கில் அது அசையவில்லை. அவர் கேட்க ஏங்கியதைப் பார்த்து எனக்கும் அந்த ஏக்கம் தொற்றிக்கொண்டது.

ஒரு மத்தியானம் எஸ்தர் போனில் கூப்பிட்டாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த கம்பெனிச் சட்டையைக் காட்டி ஜெனி ‘அப்பா’ என்று சொல்லிவிட்டாளாம். சட்டைக்காரர் அப்போது ஷிப்டில் இருந்தார். போனைக் கம்பெனி வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வீடு திரும்பியபோது குழந்தை தூங்கிவிட்டது. எழுப்ப வேண்டாம் என்று அவரே தடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் போன் வந்தது. “இன்னிக்கு லீவு போட்டுட்டேன் மேடம். அந்தச் சட்டையவே மாட்டிக்கினு புள்ள எதிர்ல குந்திக்கினு இருக்கேன்.”

அன்று முழுக்க நானும் ஒரு வேலையும் செய்யாமல் போனையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன் என்பதை மட்டும் எங்கள் ஆபீஸில் சொல்லிவிடாதீர்கள்.