கயிற்றுக்கு வெளியே நின்ற பூட்ஸ்கள்

சிவகாசியில் தீயணைப்பு நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விதிகள் எல்லாம் மனப்பாடம். கேஸ் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பும் நான் ஒரு வகுப்பு எடுப்பதாக மனைவி சொல்வாள். அதைப் பாராட்டு என்றே நினைத்திருந்தேன்.

கோடைக்கு முன்பாக, மேற்கே மலையடிவாரத்தில், காட்டுத்தீயை மறிக்கத் தற்காலிகமாகச் சேர்த்த காவலர்களுக்குப் பவர் ரம்பம் பழக்கித்தர வனத்துறையில் அழைத்தார்கள். காலை முழுக்க வாயாலேயே அறுத்தேன். பாதி நேரம் பூட்ஸைப் பற்றித்தான்.

"பூட்ஸ் போடாம வாறவுக, விரலை வீட்டுலயே கழட்டி வச்சிட்டு வாங்க" என்றேன். சிரித்தார்கள்.

விழுந்துகிடந்த வாகை மரத்தைச் சுற்றிச் சிவப்புத் துணி முடிந்த கயிறு. பெட்ரோல் ஊற்றிய ரம்பத்தோடு கயிற்றருகே போனதும் என் கால்கள் தாமாகவே பூட்ஸைக் கழற்றின. சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. வாசலில் கழற்றிவிட்டு, செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். வேலைக்காலம் முழுக்க அதைச் சொல்லியும் செய்தும் பழகிய உடம்பு. கை தகட்டைக்கூடத் தேடியது.

திரும்பிப் பார்த்தால், பின்னால் வந்தவர்களும் கழற்றிவிட்டார்கள். கோயில் வாசல் மாதிரி பூட்ஸ்கள் வரிசையாக நின்றன.

"ஏலே, எதுக்குக் கழட்டுத?" பின்னால் ஒருவன் பக்கத்தில் நின்றவனைக் கேட்டான்.

"சார் கழட்டிட்டாகல்ல. புது மெஷினு, மரியாதையா இருக்கும்லே."

அப்போதே சிரித்துவிட்டு, போடுங்கப்பா என்றிருந்தால் முடிந்திருக்கும். காலையில் சொன்ன வேடிக்கை என் பக்கமே திரும்பிவிடும் என்று தோன்றியது. ஒரு அறுப்புதானே என்று விட்டேன்.

வெம்பக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர், ஆலை மூடியதால் காட்டு வேலைக்கு வந்தவர், சுத்தமாக அறுத்தார். அறுபட்ட துண்டு உருண்டு அவர் பெருவிரல் மேலேயே விழுந்தது. நகம் சதையோடு பெயர்ந்துவிட்டது.

முதலுதவிப் பெட்டிக்கு ஓடவேண்டியவன், முதலில் பூட்ஸை மாட்டினேன். நாடாவும் கட்டினேன். இரட்டை முடிச்சு. என்னைப் பார்த்து மற்றவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

சத்தம் கேட்டு ரேஞ்சர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். "பூட்ஸ் போடச் சொல்லலையா சார்?"

"சொன்னேன்." பொய்யில்லை.

அடிபட்டவர் என் கால்களைப் பார்த்தார். பிறகு ரேஞ்சரிடம், "சார் சொன்னாக. நாந்தான் கழட்டிட்டேன்" என்றார்.

"இங்கனயே பேச்சுக் கேக்காதவன் தீக்குள்ள என்னத்தக் கேப்ப? இந்த சீசன் உனக்கு வேலை கிடையாது. வீட்டுக்குப் போலே."

நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ரேஞ்சரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். முதலில் கழற்றியது நான் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே டீ சொன்னார்.

"உங்க காலு பூட்ஸுக்குள்ள இருந்தத நானே பாத்தேன். அவன் பொழப்புக்காகப் பழியை ஏத்துக்கிடுதீக. இந்தக் காலத்துல யாரு சார் செய்வா?"

"இல்ல, அது அப்புறமா மாட்டினது..."

"போதும் சார். உங்களுக்காக அவனச் சேத்துக்கிடுதேன்."

மற்றவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். டீ வந்தது. குடித்தேன்.

இரண்டொரு நாளில் அடிபட்டவர் என் வீட்டுக்கு வந்தார், காலில் பெரிய கட்டோடு.

"ரேஞ்சர் சொன்னாக. பெரிய மனசு சார் உங்களுக்கு."

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நாளைக்கே வரச் சொல்லுதாக" என்றார். "பூட்ஸுக்குள்ள காலு நுழைய மாட்டேங்கு. வெறுங்காலோட போலாமா சார்?"

கூடாது. புண் ஆறும்வரை ரம்பத்தின் பக்கமே போகக் கூடாது. அதை அவரிடம் சொல்லத் தகுதியுள்ள ஒருவரைத் தேடினேன். வாசலில் நாங்கள் இருவர் மட்டுமே நின்றிருந்தோம்.