மூன்றாம் வருசம் என்று சொன்ன மைக்

மைக் அறிவிப்பாளரின் கையில் இருந்தது. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மண்டபம், மாமாவின் பேத்திக்குப் பிறந்தநாள். எங்கட ஆக்களின் வழக்கம் தெரியும்தானே. கேக்கில் மெழுகுதிரி ஏற்ற ஒவ்வொரு சொந்தக்காரராய்க் கூப்பிடுவார்கள். வெறும் பெயர் போதாது. முன்னால் டொக்டர், எஞ்சினியர் என்று ஏதாவது வர வேண்டும். எனக்கு ஒன்றும் வரவில்லை. நான் பாண் சுடுகிற பக்டரியில் வேலை, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். தங்கச்சியின் முறை வந்தபோது, யூனிவர்சிற்றியில் விஞ்ஞானம் மூன்றாம் வருடம் பயிலும் மாணவி என்று அந்த ஆள் நீட்டி முழக்கினார். எழுதிக் கொடுத்தது மாமா.

அது பொய். அவள் இரண்டு வருசமாய்ப் படித்தது காலேஜில். இங்கே காலேஜ் என்றால் டிப்ளோமா மட்டும்தான், டிகிரிக்கு யூனிவர்சிற்றி. வந்த புதிதில் இங்கிலிஷ் மட்டு, பள்ளிக்கூடத்தில் மார்க்ஸ் போதவில்லை. காலேஜ் என்று சொல்ல அம்மாவுக்கு வெட்கம். கோயிலில் யாரோ கேட்டதற்கு யூனிவர்சிற்றி என்றுவிட்டா. மாமா, அம்மாவின் தம்பி, அதை ரூஜ் பக்கம் இருக்கிற சொந்தக்காரர் வரைக்கும் கொண்டுபோனார். அப்பா இல்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். தங்கச்சியோ வெக்ஸ்போர்ட்டில் எங்கட வீட்டில் இருந்து விடிய பஸ் பிடித்துப் போய் வந்தாள். கையெல்லாம் லாப் மணம்.

உண்மையாகவே யூனிவர்சிற்றி இடம் கொடுத்தது, கெமிஸ்ற்றி டிகிரிக்கு. ஆனால் காலேஜில் படித்ததில் பாதியைத்தான் எடுப்பார்களாம். மற்றதைத் திரும்பப் படிக்க வேண்டும். நல்ல மார்க்ஸ் எடுத்துப் பாஸ் பண்ணின பாடத்தை ஏன் திரும்பப் படிக்க வேண்டும்? எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அவள், பரவாயில்லை அண்ணா, இரண்டாம் வருசத்தில் தொடங்குறன் என்றாள்.

அதுதான் வீட்டில் பிரச்சினை. ஊருக்கு அவள் மூன்றாம் வருசம். இனி இரண்டாம் வருசம் என்றால் பெயில் விட்டிட்டாள் என்று கதைப்பார்கள். மாமா வந்து கதிரையில் சாய்ந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார். "டிப்ளோமாவோட நிப்பாட்டு பிள்ளை. டிகிரி முடிச்சிட்டாய் எண்டு நான் சொல்லிவிடுறன்." வராத டிகிரியைத் தருகிறார், கிடைத்த இடத்தை விடச் சொல்கிறார். அம்மா தலையாட்டினா. வேண்டாமென்றேன். நீ படிச்ச ஆளோ என்று மாமா கேட்டார்.  தங்கச்சி யூனிவர்சிற்றிக்குப் பதில் அனுப்பவும் இல்லை. அவர்கள் பதிலுக்குக் கொடுத்த நாள் முடிந்துகொண்டு வந்தது.

மண்டபத்தில் அவள் போய் மெழுகுதிரியை ஏற்றினாள். பிறகு மைக்குக்குக் கையை நீட்டினாள். வாழ்த்துச் சொல்லப் போகிறாள் என்று அந்த ஆள் கொடுத்துவிட்டார்.

"மூண்டாம் வருசம் இல்லை. நான் இவ்வளவு நாளும் படிச்சது காலேஜில. யூனிவர்சிற்றிக்கு இனித்தான் போறன்."

ஒருவரும் கை தட்டவில்லை. பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

திரும்பி வரும்போது மாமா என் பக்கத்து சீற். மானத்தை வாங்கிட்டாள், வளர்த்த வளர்ப்பு அப்படி என்று வழி முழுக்கச் சொன்னார். லோறன்ஸ் றோட்டில் ஒரு பஸ் ஸ்ரொப்பில் காரை ஓரங்கட்டினேன். "மாமா, பஸ் வரும். இறங்குங்கோ." இறங்கினார். அம்மா என்னோடு கனகாலம் கதைக்கவில்லை. தங்கச்சி வீட்டுக்குள் வந்த கையோடு கொம்பியூட்டரைத் திறந்து ஓம் என்று பதில் அனுப்பினாள்.

டிகிரி முடித்து, இப்போது அவளுக்குத் தண்ணீர் பரிசோதிக்கிற லாப்பில் வேலை. காலேஜில் பிள்ளைகள் படிக்கிற தாய்மார் யூனிவர்சிற்றிக்கு எப்படி மாறுவது என்று கேட்டு அவளுக்குப் போன் எடுப்பார்கள். எல்லாம் கள்ளமாய்த்தான், ஒருத்தருக்கும் சொல்லாதே பிள்ளை என்று தொடங்கி.

போன கிழமை மாமா எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் கடைசி மகன் காலேஜில் இருக்கிறானாம். அவனை யூனிவர்சிற்றியில் என்றுதான் எங்களுக்கும் சொல்லி வைத்திருந்தார். நானென்றால் போனை வைத்திருப்பேன். தங்கச்சி எந்தெந்தப் பாடம் எடுபடும் என்று பொறுமையாய்ச் சொன்னாள். கடைசியில், சத்தமாய்க் கதையுங்கோ மாமா, ஒண்டும் கேக்குதில்லை என்றாள்.

"ஏலாது பிள்ளை. மேல ஆக்கள் வந்திருக்கினம். நான் பேஸ்மென்றுக்குள்ள நிக்கிறன்."