என் சுரண்டியும் ஊதா வாடாமல்லியும்

ஊதா வாடாமல்லியை "லயத்து ஜனங்களின் பூ" என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். மூன்று நிறத்தையும் வளர்த்துப் பார்த்தவள் நான். வெள்ளை குட்டையாக நிற்கும். நாலு நாள் மழை பிடித்தால் பழுப்பேறிவிடும். பங்களாக் குப்பையில் விதை பொறுக்கி நான் முளைக்க வைத்த செம்மஞ்சள் பார்க்க அழகுதான். காம்பு முழ நீளம் வரும், போத்தலில் வைக்கத் தோதானது. ஆனால் செடி ஒல்லிக்குச்சி, சாய்ந்து படர்ந்துவிடும், பூவும் சின்னது. ஊதாதான் முழங்காலுக்கு மேல் நிமிர்ந்து, கணுவுக்குக் கணு கிளை விட்டு, வெட்ட வெட்டப் பூக்கும். இலங்கையில் எங்கள் புளத்கொகுபிட்டிய மழை சாமந்தியைக் கூழாக்கிவிடும். ஊதாவிடம் அதன் ஜம்பம் பலிக்காது.

அப்போது எனக்கு ரப்பர் தோட்டத்தில் புல்வெட்டு வேலை, கூலி ஜனங்களின் வரிசை வீடான லயத்தில் குடியிருப்பு. ரப்பரைத் தவிர ஒரு பச்சை தரையில் தெரியக் கூடாது என்பது துரையின் சட்டம். மண் மழையோடு ஆற்றுக்குப் போனாலும் பரவாயில்லையாம், புல் இருக்கக் கூடாதாம். காலை முதல் சுரண்டியால் சுரண்டிச் சுரண்டி, எது முளைத்திருந்தாலும் கை தானாக அதன்மேல் போய்விடும்.

என் மகன் மூன்று வயதில் காய்ச்சலில் போனான். தோட்டத்து மயானத்தில் நட்ட மரச்சிலுவையை அந்த மழைக்காலமே கறையான் தின்றுவிட்டது. மேடும் கரைந்துவிட்டால் அவன் எங்கே கிடக்கிறான் என்று எனக்கே தெரியாமல் போகும். படர்ந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும், கல்லறைத் திருநாளுக்குப் பூவும் கிடைக்கும் என்று செம்மஞ்சள் விதையைத் தூவினேன். ஒரு மாதம் கழித்துப் போனபோது மேட்டில் பொடிப்பொடியாகப் பச்சை. யோசிக்கவே இல்லை. குந்தி உட்கார்ந்து, ஜெபம் சொல்லிக்கொண்டே அத்தனையையும் பிடுங்கி எறிந்தேன். எழுந்த பிறகுதான், பிடுங்கியது புல் அல்ல, நான் தூவிய விதையின் நாற்று என்று உறைத்தது. என் கையை நானே வெறுத்தேன். அதை அப்படிப் பழக்கியவர்களை இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

அடுத்த வருஷம் லயத்து வாசலில் ஊதாவை நாற்றுவிட்டு, சாணளவு வளர்ந்த பின் கொண்டுபோய் நட்டேன். புதர் புதராகப் பூத்து நின்றது. திருநாளுக்கு நாலு நாள் முன்பு கங்காணி எங்கள் ஆட்களை மயானத்துக்கே கூட்டிவந்தார்.

"தொர பாக்க வர்றாரு. எல்லாத்தையும் சுத்தமா சொரண்டுங்க. இந்தப் பொதரையும் சேத்து."

"இத சொரண்ட மாட்டேங்க," என்றேன்.

"அப்ப இன்னைக்கு ஒனக்குப் பேரு கெடையாது." பேர் இல்லை என்றால் அன்றைய கூலி இல்லை.

"வேணாங்க. எம்மவன் இங்க கெடக்கான். செடியில கை வைக்கணும்னா மொதல்ல என்னைய இழுத்துப் போடுங்க."

சுரண்டியை அவர் காலடியில் போட்டுவிட்டுச் செடிகளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். மற்றப் பெண்கள் சுற்றிலும் சுரண்டினார்கள். என் மேட்டுப் பக்கம் ஒருத்தியும் வரவில்லை. துரை வந்தார், பிரம்பால் ஒரு பூவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

திருநாள் முடிந்து, காய்ந்த பூக்களை உதிர்த்தேன். என் மகன் மேட்டில் மட்டுமல்ல, சிலுவை போன எல்லா மேட்டிலும் அந்த விதையைத் தூவினேன். அடுத்த மழைக்கு மயானம் முழுக்க நாற்று.

"யாரு வெதச்சது இது?" என்று கங்காணி கத்தினார்.

"நாந்தாங்க," என்றேன். பிறகு குந்தி உட்கார்ந்து, நாற்றுகளுக்கு நடுவே இருந்த புல்லை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.