எட்டு சென்டிமீட்டர் கோடு

கண்ணாடிக் குழாயில் பத்துப் பழ ஈக்கள். மடித்த துண்டின்மேல் குழாயை மூன்று முறை தட்டினால் எல்லாம் அடியில் விழும். விழுந்ததும் மேலே ஏறுவது அவற்றின் இயல்பு. பத்து விநாடிக்குள் எட்டு சென்டிமீட்டர் கோட்டை எத்தனை தாண்டுகின்றன என்று எண்ண வேண்டும். கால்களில் தெம்பு இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். சங்கரன்கோவிலில் முதுகலை படித்தபோது, பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் துளியளவு கலந்த தீனி தின்ற ஈக்களையும் சாதாரணத் தீனி தின்றவற்றையும் ஒப்பிட்டேன். வகுப்பில் மற்றவர்களும் வேறு வேறு மருந்தை வைத்து இதே சோதனையைச் செய்தார்கள். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "ஏட்டி, ஈ ஏறுதான்னு பாக்கவா தினமும் பஸ் ஏறிப் போற?"

ப்ராஜெக்ட் சாருக்குச் சிரிப்பு வரவில்லை. என் நோட்டைப் புரட்டிவிட்டு, "எல்லாருக்கும் சாதா ஈயே மந்தமாத்தான் ஏறுது. உனக்கு மட்டும் பத்துக்கு ஒம்பது ஏறுதோ? வீட்டுல இருந்து எழுதிட்டு வாரியாம்மா?" என்றார். மற்றவர்களின் எண்களுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி மாற்றினால் கையெழுத்துப் போடுவாராம். அது இல்லாமல் ப்ராஜெக்ட்டைக் கொடுக்க முடியாது.

"மாத்த மாட்டேன் சார். பாத்ததத்தான் எழுதியிருக்கேன்."

பஸ்ஸில் போகும்போதுதான் காரணம் பிடிபட்டது. ஆண், பெண் பிரிக்க ஈக்களை ஈதர் காட்டி மயக்குவோம். மற்றவர்கள் காலையில் மயக்கி, அவை எழுந்து நடமாடியதுமே சோதித்துவிடுவார்கள். கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற நான், மாலையில் பிரித்து வைத்துவிட்டு மறுநாள்தான் குழாயைத் தட்டுவேன். என் ஈக்களுக்கு மயக்கம் முழுதாகத் தெளிந்திருந்தது.

மறுநாள் சாரை அழைத்து இரண்டு குழாய்களைக் காட்டினேன். இரண்டிலும் ஒரே புட்டியில் வளர்ந்த சாதாரண ஈக்கள். ஒன்று முந்தைய மாலை நான் வழக்கம்போல் பிரித்து வைத்தது, மற்றது அரை மணி நேரம் முன்பு. நேரம் பார்க்க அவர் கையிலேயே கடிகாரத்தைக் கொடுத்தேன். முதல் குழாயில் ஒன்பது தாண்டின. அடுத்ததில் நான்கு, மீதி பாதியில் வழுக்கின. திரும்பத் தட்டச் சொன்னார். ஐந்து முறை தட்டினேன். பெரிதாக எதுவும் மாறவில்லை.

"அப்ப மத்தவங்க எல்லாரும் திரும்பச் செய்யணும்லா?"

"செய்யட்டும் சார்."

கையெழுத்துப் போட்டார். ஈதர் விஷயத்தை மட்டும் எழுத வேண்டாம், மற்ற பிள்ளைகள் பாவம் என்றார். நான் அதைத் தனிப் பக்கமாக எழுதினேன். அந்தப் பக்கத்துக்கும் அவரிடமே கையெழுத்து வாங்கினேன்.