வாசல் கண்ணாடியில் ஒரு வாழ்த்து

சூரிச்சில் டிராமை விட்டு இறங்கி, சாப்பிட ரோல்ஸ் வாங்க ஓர் ஈழத்தமிழர் கடைக்குள் நுழைகிறேன். கல்லாவின் முன்னால் ஒருவர் வாழ்த்து நோட்டீஸை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். துடுப்புப் படகுப் போட்டிக்காரியான அவர் மகள் சுவிஸ் அணியில் ஒலிம்பிக் போகிறாள். கீழே வாழ்த்துவோர்: அப்பா, அம்மா, தம்பி, லேயா.

"லேயா ஆர் அண்ணை, கோச்சரோ?" என்கிறார் கடைக்காரர்.

"இல்லை. மகள் கலியாணம் கட்டப்போற பொம்பிளைப் பிள்ளை."

கடைக்காரர் குரலைத் தணிக்கிறார். "சனம் கதைக்குமே அண்ணை."

"அதுக்குப் பயந்துதான் முதல் அடிச்ச நோட்டீஸில அந்தப் பேரை விட்டனான். 'அப்ப என்ர பேரையும் எடுங்கோ அப்பா' எண்டிட்டாள் மகள். ரெண்டு கிழமையா ஃபோன் எடுக்கேல்லை."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "இப்போ பேசுவாங்களா சார்?"

"இதை ஒட்டிப் படம் அனுப்பினாத்தான் தெரியும் தம்பி."

"உள்ளுக்க, ஃப்ரீசர் பக்கம் ஒட்டட்டோ?" என்கிறார் கடைக்காரர்.

"வாசல்ல ஒட்டுங்கோ."

 கடைக்காரர் வாசல் கண்ணாடியிலிருந்த அரிசி விளம்பரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் நோட்டீஸை ஒட்டுகிறார். அப்பா வெளியே நின்று ஃபோனில் படமெடுக்கப் பார்க்கிறார். கடைக்காரரே ஃபோனை வாங்கிக்கொள்கிறார்.

"நீங்களும் பக்கத்தில நில்லுங்கோ அண்ணை. கொஞ்சம் தள்ளி... லேயாவின்ர பேரை மறைக்கிறியள்."