ட்யூப்லெஸ் டயருக்குள் ஒரு ட்யூப்

ரொட்டி அக்காவுக்குத் தலைக்கனம் என்று தெருவே சொல்லும். இருக்காதா பின்னே! மூடிப்போன கடையில் அணைந்து கிடந்த அடுப்பை ஒற்றை ஆளாக மூட்டி, நாலு தெருவுக்கு வாசனை போகிற மாதிரி ரொட்டி சுட்டவளுக்குக் கொஞ்சம் கனம் இருந்தால்தான் என்ன?

அன்றைக்கு ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு முதல் சரக்கு. காலைச் சாப்பாட்டு மணிக்கு முன் போய்ச் சேர்ந்தால் தினசரி ஆர்டர். தவறினால் பழைய கடைக்காரருக்கே திரும்பிவிடும். அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

தம்பியின் வாய் சும்மா இருக்குமா?

"என்னோடது ட்யூப்லெஸ்க்கா, டயருக்குள்ள ட்யூபே கிடையாது. முள்ளு குத்தினா உள்ள இருக்கிற பசை தானா அடைச்சிடும். உன்னை மாதிரி ரோட்டோரம் உக்காந்து ட்யூப் ஒட்டணும்னு எனக்குத் தலையெழுத்தா? வருஷமாச்சு, ஒரு பஞ்சர் உண்டா?"

"வாயை மூடிக்கிட்டு மிதிடா. கண்ணு பட்டுடப் போகுது."

பட்டேவிட்டது. பாலத்து இறக்கத்தில் உடைந்த கண்ணாடி பின் டயரைக் கிழித்தது. வெள்ளைப் பசை பீறிட்டு அவன் முதுகெல்லாம் தெறித்தது. அவ்வளவு பெரிய கிழிசலை அடைக்க அதற்குச் சக்தியில்லை.

அக்கா தன் பையிலிருந்த மாற்று ட்யூபைக் கொடுத்தாள். "இதை உள்ள போடு. கிழிசலுக்கு உள்பக்கமா ரொட்டி உறையை மடிச்சு வை."

பதற்றத்தில் அவன் மாட்டினான், காற்றடித்தான். புஸ்! கிழிசலுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் ட்யூபில் ஓட்டை.

"டயருக்குள்ள தடவிப் பாத்தியா?"

"எதுக்கு? எனக்குத்தான் பஞ்சரே ஆகலையே!"

"அட மக்கு! ஆகாம இல்லடா, உனக்குத் தெரியாம ஆயிருக்கு."

வருஷம் முழுக்கக் குத்திய முட்கள் அத்தனையும் பசைக்குள் பத்திரமாக இருந்தன. தம்பிக்கு முகம் செத்துவிட்டது.

"நீ உன் பெட்டியோட போக்கா. பாதியாவது சேரட்டும்."

"பாதிப் பேர் பட்டினி கிடக்கணுமா? போனா முழுசாத்தான் போவேன்."

மாவில் சிறு கல் கிடந்தாலும் கண்டுபிடிக்கிற விரல்கள் அவளுடையவை. டயரின் உட்புறத்தை அங்குலம் அங்குலமாகத் தடவி, அகப்பட்ட முள்ளையெல்லாம் பிடுங்கினாள். விரல் நுனியில் ரத்தம் வந்தது, சட்டை செய்யவில்லை. ட்யூபை ஒட்டி, உள்ளே செருகிக் காற்றடித்தாள். இந்த முறை நின்றது. இருவரும் மூச்சுவாங்க மிதித்துச் சமையலறை வாசலில் இறங்கியபோது தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மணி இன்னும் அடிக்கவில்லை.

மேற்பார்வைக்காரர் ஒரு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டார். முகம் மலர்ந்தது. நேரே தம்பியைப் பார்த்துக் கேட்டார்: "பிரமாதம் சார். தினமும் உங்களால தர முடியுமா?"

"என்னைக் கேக்காதீங்க," என்று நெஞ்சை நிமிர்த்தினான் தம்பி. "கடை எங்க அக்காவோடது. சுடுறதும் அவங்கதான், இன்னைக்கு இதைக் கொண்டுவந்து சேத்ததும் அவங்கதான்."

பிறந்ததிலிருந்து அவன் அவளை 'அவங்க' என்று சொன்னதே இல்லை.

"தரேன்," என்றாள் அக்கா. குரல் லேசாகத் தழுதழுத்தது. அது அவளுக்கே பிடிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சமையலறை முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னாள்: "தினமும் தரேன்!"